எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கல்: உடனே அறுவை சிகிச்சை என்கிறார்கள், பொறுத்திருக்கலாமா?

பாடி மேம்பாலம்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் பொறுப்பாளராக இருக்கிறேன். சென்ற மாதம் வீட்டில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்து வைக்கும்போது இடுப்பில் பளிச்சென்று வலி வெட்டியது. மறுநாள் காலையில் அந்த வலி வலது பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்கால் வரை வந்துவிட்டது. இருமினால், தும்மினால் கால் முழுவதும் சுண்டி இழுக்கிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்4–எல்5 இடத்தில், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில், ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுவதாகவும், அதற்குக் கீழே இருக்கும் ஜவ்வு வறண்டிருப்பதாகவும் அறிக்கை சொல்கிறது. உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளாவிட்டால் கால் விழுந்துவிடும் என்று சொல்லி, செலவுக் கணக்கையும் கையோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மைத்துனரோ மூன்று மாதம் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்துக்கிடந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் சுளுக்கு வழிப்பவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லத் தயாராக நிற்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்டான்லி:

எலும்பு முறிவு சிகிச்சைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், தம்பி. முதலில் நான் கேட்பவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். சிறுநீர் வழக்கம்போலப் பிரிகிறதா, அல்லது அடைத்துக்கொள்வதோ அறியாமல் கசிவதோ உண்டா? மலம் அடக்குவதில் சிரமம் இருக்கிறதா? கால் கழுவும்போது ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் தொடு உணர்வு மரத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தண்டுவடத்தின் கீழே கொத்தாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்குவதற்கான அடையாளம் அது. அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்தது, குதிகாலை மட்டும் ஊன்றியும், பிறகு விரல் நுனியை மட்டும் ஊன்றியும் கூடத்தில் நாலடி நடந்து பாருங்கள். செருப்பு காலைவிட்டு நழுவுகிறதா, நழுவியது தெரியாமலே நடந்துவிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் புறநோயாளிப் பிரிவில் கருவியெடுத்துச் சோதிப்பதற்கு முன்பே இந்தச் செருப்புக் கேள்வியைத்தான் கேட்போம். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, படுத்தால்கூட அடங்காத இரவு வலி ஆகியவை உண்டா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

பாடி மேம்பாலம்:

ஐயா, சிறுநீரிலும் மலத்திலும் மாற்றமில்லை. மரத்துப்போன உணர்வும் அந்த இடத்தில் இல்லை. குதிகாலில் நடக்க முடிகிறது, விரல் நுனியிலும் முடிகிறது. செருப்பு நழுவவில்லை. பாதத்தின் மேற்புறம் பெருவிரல் பக்கமாக மட்டும் இலேசாக மதமதவென்று இருக்கிறது. காய்ச்சல், எடை இழப்பு எதுவுமில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்த வலிக்கு இப்போது கொஞ்சம் குறைவுதான்; ஆனாலும் வண்டி ஓட்ட முடியவில்லை.

பழைய ஸ்டான்லி:

நீங்கள் சொல்வதை நேரில் ஒரு மருத்துவர் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கினால் பெரும்பாலும் அகப்படுவது ஐந்தாவது இடுப்பு நரம்பு. பாதத்தின் மேற்புறத்தில் உணர்வு குறைவதும், பெருவிரலையும் பாதத்தையும் மேலே தூக்கும் வலு குறைவதும் அந்த நரம்பின் வேலைக்குள் அடங்கும். உங்களுக்கு உணர்வில்தான் சிறு மாற்றம், வலு குறையவில்லை. ஆகவே இன்றைய நிலையில் கால் விழுந்துவிடும் என்று நாள் குறிப்பதற்கு நான் ஆதாரம் எதையும் காணவில்லை. நாளைக்கே பாதம் தொங்கத் தொடங்கினால் என் பேச்சும் மாறும்.

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வின் வெளிவளையம், நார்க்கட்டில் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளால் அடுக்கடுக்காக ஆனது. உள்ளே இருப்பது நீர்ச்சத்து நிறைந்த கூழ். வளர்ந்தவர்களின் ஜவ்வுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு; அண்டையிலுள்ள எலும்பிலிருந்து ஊறிவரும் சத்தைக் கொண்டே அது பிழைக்கிறது. வயது, பரம்பரை, புகைப்பழக்கம், சுமை எல்லாம் சேர்ந்து வளையத்தில் கீறல்களை உண்டாக்கி வைத்திருக்கும்; தண்ணீர்க் கேன் அதன்மேல் விழுந்த கடைசி அடி மட்டுமே. வெளியே வந்த கூழ் நரம்பை நசுக்குவதோடு நில்லாமல், இரசாயன ரீதியாக அதைப் புண்ணாக்கி வீங்க வைக்கிறது. அந்த அழற்சி அடங்கும்போது வலியும் பெருமளவு அடங்கும். மேலும், வெளியே வந்த துண்டை உடல் அந்நியப் பொருளாகக் கருதி வெள்ளணுக்களை அனுப்பிக் கரைக்கத் தொடங்குகிறது. இலேசாகப் புடைத்த ஜவ்வைவிட, முழுதாகப் பிதுங்கித் தனியே பிரிந்த துண்டுதான் அதிகம் சுருங்குகிறது என்பது படங்களைத் தொடர்ந்து எடுத்துப் பார்த்துக் கண்ட செய்தி.

ஜவ்வு பிதுங்கிக் கால்வலி தருவதை விளக்கி, அதை அறுவை சிகிச்சையால் தீர்க்கலாம் என்று அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எழுதியது முதல் மருத்துவ உலகம் இந்த ஜவ்வையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவந்தது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் வழக்கு சிக்கலானது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. எல்லா ஜவ்வும் சீராக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர்தான். இத்தகைய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, வலியே இல்லாத 40 வயதினரில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினருக்கு ஜவ்வுத் தேய்மானமும் 50 விழுக்காட்டினருக்குப் புடைப்பும் இருந்தன. உங்கள் அறிக்கையில் கீழ் ஜவ்வு வறண்டிருப்பதாக எழுதியிருக்கிறார்களே, அதை மட்டும் வைத்து நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டியதில்லை. படத்தில் தெரியும் பிதுங்கலும், வலி ஓடும் பாதையும், நேரில் சோதித்ததில் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அந்தப் படத்துக்குப் பொருளுண்டு. உங்களுக்குப் பொருந்துகிறது, அதை மறுக்கவில்லை.

சரி, பொருந்தினால் கத்தியா என்றால், அதற்கும் விடை இருக்கிறது. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் வரை கடுமையான கால்வலியால் வருந்திய 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு விரைவில் அறுவை சிகிச்சை செய்தும் மற்றதைப் பொறுத்திருக்க வைத்தும் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் இடையில் தாங்களாகவே அறுவை சிகிச்சைக்கு வந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே வலு குறையாதவருக்கு இது அவகாசத்தோடு தானே தேர்ந்தெடுக்கும் சிகிச்சை. உங்களுக்கு வலி ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் காத்திருப்பேன்.

மாம்பலம் மாலா:

எனக்குக் கால்வலி கிடையாது, இடுப்பு மட்டும் சாயங்காலமானால் கழன்று விழுவதுபோல் வலிக்கும். தி.நகரில் துணிக்கடையில் வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்பதும், கீழ் அடுக்கிலிருந்து புடவைக் கட்டுகளைக் குனிந்து எடுப்பதும்தான் நாள் முழுவதும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது உண்மை. முக்காலியும் போட்டிருக்கிறார்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளரின் முகம் மாறுவதும் உண்மை. என் மாமியார் உட்பட எல்லோரும் சொல்வது, பிரசவத்தில் சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் போட்ட ஊசிதான் காரணம், அது ஆயுசுக்கும் விடாது என்பது. இதில் எந்த அளவு உண்மை இருக்கிறது, ஐயா?

பழைய ஸ்டான்லி:

அந்த ஊசியின் மேல் போடப்படாத பழி இல்லை, அம்மா. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவுதான். பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீடித்த முதுகுவலியில் வேறுபாடு தென்படவில்லை. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இடுப்பு வலிக்கத்தானே செய்கிறது? கர்ப்ப காலத்தில் தளர்ந்த மூட்டுப் பிணைப்புகள், வலுவிழந்த வயிற்றுத் தசை, இடுப்பில் குழந்தையைச் சுமப்பது, தூக்கமின்மை, அதன்மேல் உங்கள் கடை வேலை: காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எதற்கும் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் மட்டும் வலி கூடுகிறது என்றால் மகப்பேறு மருத்துவரையும் ஒரு முறை கேளுங்கள்.

அடையாறு இயன்முறை:

நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். மாலா சகோதரிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை நாலு விரற்கடை உயரமுள்ள பலகையின் மேல் மாற்றி மாற்றி வைத்து நிற்பதும், கட்டுகளை எடுக்கும்போது இடுப்பிலிருந்து வளையாமல் ஒரு காலை மடித்து அமர்ந்து எடுப்பதும் உடனே பலன் தரும். நிற்பதை நீங்கள் மாற்ற முடியாது. ஒரே மாதிரி நிற்பதை மாற்றலாம்.

பாடி நண்பரின் மைத்துனர் சொன்ன படுக்கை ஓய்வுக்கு வருகிறேன். இந்த நம்பிக்கை நம் வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவப் பாடநூல்களிலும் நெடுங்காலம் இருந்தது. 1986இல் அமெரிக்காவில் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டபோது, இரண்டு நாள் படுத்தவர்கள் அதே அளவுக்குத் தேறியதோடு வேலைக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். 1995இல் ஹெல்சிங்கி நகரப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே மற்ற எல்லோரையும்விட வேகமாகத் தேறினார்கள். மூன்று மாதம் படுத்துக்கிடந்தால் முதுகைத் தாங்கும் தசை மெலியும், வேலை போகும், மனம் சோரும். அதன்பின் எழுந்திருப்பது இந்த வலியைவிடப் பெரிய சிகிச்சையாகிவிடும். வெறுந்தரையும் தேவையில்லை. ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்து 2003இல் வெளியிட்டதில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. பாய் பழகியவர் பாயில் படுக்கலாம். அதை மருந்தாக எண்ணி வருந்திப் படுக்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்தால் இரு முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வையுங்கள். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழுங்கள். பகலில் சில முறை குப்புறப் படுத்து, முடிந்தால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் சற்று உயர்த்திப் பாருங்கள். நாங்கள் இங்கே கவனிப்பது வலியின் அளவைவிட வலி இருக்கும் இடத்தைத்தான். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறி இடுப்பில் வந்து நின்றால், இடுப்பு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்திவிட வேண்டும். தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குனிந்து விரலைத் தொடும் ஆசனம் இப்போது கூடவே கூடாது. அம்பத்தூருக்கு இருசக்கர வாகனத்தில் போவதைச் சில வாரம் விட்டுவிட்டு, நடையும் மின்சார ரயிலுமாகப் போய்ப் பாருங்கள். தண்ணீர்க் கேனைத் தரையிலேயே வைத்து, வாயில் மாட்டும் சார்ஜ் பம்பு ஒன்றை வாங்கிவிட்டால் தூக்கிக் கவிழ்க்கும் வேலையே இல்லை.

இடுப்புப் பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் பலர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். தனிக்காரணம் கண்டுபிடிக்க முடியாத நாள்பட்ட முதுகுவலிக்கு இவ்விரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனநலம் சார்ந்த சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இதை எழுதுவதால் என் தொழிலுக்கு நட்டம்தான். இழுவை இயந்திரம் எங்கள் நிலையத்திலும் ஒரு மூலையில் இருக்கிறது.

சித்த வழி:

எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு ஆய்வையே காட்டுகிறீர்கள். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் உடல்பிடிப்பு முறை இருக்கிறது, ஒற்றடம் இருக்கிறது, உளுந்துத் தைலம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன; புறநோயாளிப் பிரிவில் முதுகுவலிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பதும் நம் பெரியவர்கள் அனுபவத்தில் கண்டதுதானே?

பழைய ஸ்டான்லி:

தைலமும் வெந்நீர் ஒற்றடமும் பிடிப்பு விழுந்த தசைக்கு இதம் தரும், அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும் மசாஜை ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் குறிப்பிட்ட நிறுவனங்களில் படித்த மருத்துவர் நாடி பார்த்து, கேள்வி கேட்டு, வேண்டுமானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். மிதிப்பவர் எதையும் பார்ப்பதில்லை. என் ஆட்சேபம் அங்கேதான்.

நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் போகவில்லை. இருமலே இல்லாமல் வரும். மாதக்கணக்கில் முதுகு வலிக்கும், மாலையில் இலேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு இருக்கும். உள்ளே எலும்பு அரிக்கப்பட்டுச் சீழ் கட்டியிருக்கும் முதுகின் மேல் ஒருவர் ஏறி நின்றால் தண்டுவடமே நசுங்கி இரு கால்களும் செயலிழக்கலாம். உள்நாட்டு ஆய்வு கேட்டீர்களே, அதையும் சொல்கிறேன். காசநோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது இந்தச் சென்னையின் காசநோய் ஆய்வு மையம்தான். அதே ஆய்வு மையம் பின்னர் 1970களில் தொடங்கிய இன்னோர் ஆய்வில், முதுகெலும்புக் காசநோயாளிகளில் பெரும்பாலோர் படுக்கையில் கிடக்காமல், எழுந்து நடமாடிக்கொண்டே, 6 அல்லது 9 மாத மாத்திரைகளால் தேறுவதைக் காட்டியது. இன்று அது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் அந்த மாத்திரைகள் இலவசம். கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்துபோகும் நோய் அது. மிதித்துக் காலத்தைக் கடத்தலாமா?

ஓ.எம்.ஆர். இரவுப்பணி:

எனக்கு வயது 27. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஒரு வருடத்துக்கு மேலாகக் கீழ்முதுகு வலி. எல்லோரும் நாற்காலியை மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் பயனில்லை. விடியும் முன்பே வலியால் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து ஒரு மணி நேரம் வரை முதுகு கட்டைபோல் இறுகியிருக்கிறது. வியப்பு என்னவென்றால், இறகுப்பந்து ஆடினால் வலி குறைகிறது, விடுமுறையில் படுத்திருந்தால் கூடுகிறது.

பழைய ஸ்டான்லி:

நாற்காலியை விட்டுவிடுங்கள், நீங்கள் மூட்டு வாதநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டியவர். இளவயதில், சொல்லிக்கொள்ளாமல் மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, விடியற்காலையில் எழுப்பி, ஓய்வில் கூடி உழைப்பில் குறையும் வலி, முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். இந்த நோயோடு தொடர்புடைய மரபணு அடையாளத்தைத் தேடும் எச்.எல்.ஏ. பி27 இரத்தப் பரிசோதனையும் இடுப்பெலும்பு மூட்டின் எம்.ஆர்.ஐ. படமும் தேவைப்படும். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பக் காலத்தில் ஒன்றும் தெரியாததால் ஆண்டுக்கணக்கில் தவறவிடுகிறார்கள். கண் சிவந்து வலித்தது உண்டா, சொரியாசிஸ் உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா என்று யோசித்துவிட்டுப் போங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

பாடி மேம்பாலம்:

ஐயா, மாத்திரை பற்றி ஒரு சந்தேகம். மருந்துக்கடையில் இடுப்புவலிக்கு என்று கேட்டால் அட்டையை வெட்டி ஒரு செட்டாகத் தருகிறார்கள். போட்டால் நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

பழைய ஸ்டான்லி:

பெயரே தெரியாத மாத்திரையைத் தொடரலாமா என்று நான் எப்படிச் சொல்வது? அந்த வெட்டுத் துண்டுகளில் வழக்கமாக ஒரு வலி மாத்திரை, ஓர் அமிலத் தடுப்பு மாத்திரை இருக்கும். சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்துகொள்ளும், அதுதான் நன்றாகக் கேட்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையை மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் போடுவதில் தவறில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கு அதே மாத்திரை வினையாகும். பாராசிட்டமால் மட்டும் போட்டால், திடீர் முதுகுவலியில் அது வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தருவதில்லை என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். கால் நரம்பு வலிக்குப் பலரும் எழுதித் தரும் ப்ரீகாபலினும் 2017இல் அங்கேயே நடந்த ஆய்வில் பலன் தரவில்லை, தலைச்சுற்றலைத்தான் தந்தது. மருத்துவர் எழுதித் தந்து ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் அவரைக் கேட்டுக் குறையுங்கள். ஆறு வாரம் கடந்தும் கால்வலி இதே அளவில் நின்றால் நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேளுங்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். படத்தகட்டை மறக்காமல் கொண்டு போங்கள், புதிதாக எடுக்கத் தேவையில்லை.

வியாசர்பாடி மகள்:

என் அம்மாவுக்கு 68 வயது. பேருந்தின் கடைசி இருக்கையில் வந்தபோது வேகத்தடையில் தூக்கிப்போட்டது. அன்றிலிருந்து நடுமுதுகில் வலி, இரண்டு வாரமாகியும் குறையவில்லை. காலில் வலி இல்லை. மேலே சொன்ன குப்புறப் படுக்கும் பயிற்சியை அவருக்கும் செய்யலாமா?

அடையாறு இயன்முறை:

இப்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம், சகோதரி. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்திருக்கும் பெண்களுக்கு இப்படிப்பட்ட ஒரு குலுக்கலே முள்ளெலும்பை நசுக்கப் போதுமானது. நாளையே எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு முன்பைவிடக் கூனியிருக்கிறதா என்று பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறிவு இருந்தால் வலி அடங்கும்வரை கவனிப்பதோடு, எலும்பு அடர்த்திச் சோதனையும், வைட்டமின் டி, கால்சியம், எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆகியவையும் தேவைப்படும்; அடுத்த முறிவைத் தடுப்பது அந்த மருந்துதான். குனிந்து பெருக்குவதையும் குடம் தூக்குவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு பயிற்சிக்கு வெளியே அழைத்துச் செல்ல முடியவில்லை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். எக்ஸ்ரே முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், எந்த எலும்பு என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.